கடலைப் பார்த்த மேசை யாருடைய நிலத்தில் நிற்கிறது?



மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற பேச்சு மாங்காடு வரை வந்துவிட்டது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன தம்பி தங்கைகள் என்று எல்லோருடைய கைப்பேசியிலும் அந்தக் காணொளிகள் ஓடுகின்றன. மெக்சிகோவின் பசிபிக் கரையில் புவேர்த்தோ எஸ்கொந்திதோ என்றொரு ஊர். ஓலைக் கூரை, ஊஞ்சல், இளநீர், எதிரே அலை, நடுவில் ஒரு மேசையில் மடிக்கணினி. மெக்சிகோ வரை போக முடியாவிட்டால் கோவா. அதுவும் முடியாவிட்டால் நம் கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி. "வாழ்ந்தா இப்படி வாழணும் அண்ணா" என்கிறார்கள்.

இந்த ஆசையைக் கேலி செய்ய நாங்கள் இதை எழுதவில்லை. ஊரைவிட்டு வெளியேறு என்று நமக்குச் சொன்னவரே அண்ணல் அம்பேத்கர்தான். கிராமத்தைப் புனிதம் என்று கொண்டாடியவர்களுக்கு எதிராக, 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நின்று, அது அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவரே கடல் கடந்து போய்ப் படித்தவர். நம் பிள்ளைகள் கடலோரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசைப்பட்டால் நமக்கு மகிழ்ச்சிதான். கடற்கரை என்பது பரம்பரைப் பணக்காரன் வீட்டுக் கொல்லைப்புறம் அல்ல.

எங்கள் கேள்வி வேறு. வேலைக்கு இடம் தேவையில்லை என்று சொல்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற மனிதனுக்கு இடம் தேவை. உட்கார ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு நிலம். இந்த நாட்டில் அறையும் வீடும் நிலமும் சாதி பார்த்துத்தான் கிடைக்கின்றன. ஆகவே 'எங்கிருந்தும் வேலை' என்ற விடுதலையும் சாதி பார்த்துத்தான் கிடைக்கும். அதை நாம் கேட்டு வாங்காதவரை.

ஒரே வேலை, இரண்டு கடிகாரம்

2020 நவம்பரில் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை, தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்தோ வேறு எங்கிருந்துமோ ஊழியர்கள் வேலை செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகள் அதோடு விலகின. கொரோனா காலத்தின் அவசர ஏற்பாடு நிரந்தர ஏற்பாடாக மாற வழி பிறந்தது.

மெக்சிகோவின் கடற்கரை ஊர்களை அமெரிக்கர்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? கடல், குறைந்த வாடகை, குறைந்த சாப்பாட்டுச் செலவு, இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: கடிகாரம். அமெரிக்காவின் பகல்தான் மெக்சிகோவின் பகல். அங்கே ஒருவர் காலை 9 மணிக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கும்போது மாங்காட்டில் இரவு 8.30. அவர் மாலை 5 மணிக்குக் கணினியை மூடிவிட்டு அலையில் இறங்கும்போது இங்கே விடியற்காலை 4.30. அதே நிறுவனம், அதே வேலை, அதே வாடிக்கையாளர். அவருக்குப் பகல், நம் பிள்ளைக்கு இரவு.

அந்த இரவு எங்கே கழிகிறது என்று பாருங்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. காலையில் 5 மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அப்பா அங்கேதான் தூங்க வேண்டும். நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா அங்கேதான் தூங்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் தங்கச்சியும் அங்கேதான். விளக்கைப் போட முடியாது, சத்தமாகப் பேச முடியாது. கூட்டம் என்றால் மொட்டை மாடிக்கோ, அது இல்லாவிட்டால் தெருவுக்கோ போக வேண்டும். மழைக்காலம் வந்தால் எங்கள் தெருக்களில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் போகும், இணைப்பும் போகும். "உங்கள் இணைப்பு சரியில்லை" என்று மேலாளர் குறித்து வைத்துக்கொள்வார். அந்தக் குறிப்பு வருடக் கடைசியில் மதிப்பெண்ணாக மாறும்.

அலுவலகத்துக்குப் போனபோது மேசை, நாற்காலி, மின்சாரம், குளிர்சாதனம், குடிதண்ணீர் எல்லாம் முதலாளியின் செலவு. வீட்டிலிருந்து வேலை என்றதும் அவையெல்லாம் ஊழியர் தலையில் ஏறிவிட்டன. சொந்தமாக மூன்று படுக்கையறை வீடு வைத்திருப்பவருக்கு இது சலுகை. ஒரு அறையில் ஐந்து பேர் இருப்பவருக்கு இது சம்பள வெட்டு. 

பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. "வீட்டிலேயே வேலையா, நல்லதாப் போச்சு" என்று வீட்டார் அனுமதிக்கிறார்கள். இரவு வண்டியில் வந்து இறங்கும்போது தெருமுனையில் நிற்பவர்களின் பார்வை இல்லை என்பதில் எங்கள் தங்கைகளுக்கும் நிம்மதிதான். ஆனால் இரவெல்லாம் வேலை பார்த்த பெண்தான் காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நிற்கிறாள். கடற்கரை மேசைக் காணொளிகளில் தண்ணீர்க் குடம் வருவதில்லை.

மங்கலாக்கும் பொத்தான்

காணொளிக் கூட்டங்களில் பின்னணியை மங்கலாக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதைவிட்டால் கடற்கரைப் படத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொள்ளும் வசதி அதுதான். ஏன்? சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருப்பது தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். சுவரில் நீலச் சட்டை போட்ட அம்பேத்கர் படம் தொங்குவது இன்னொரு காரணம்.

யோசித்துப் பாருங்கள். அதே கூட்டத்தில் இன்னொரு சக ஊழியரின் பின்னால் பூசையறை தெரிகிறது, குத்துவிளக்கு தெரிகிறது, நவராத்திரிக் கொலு தெரிகிறது. "அழகா இருக்கே" என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது 'பண்பாடு'. அரசியல் சட்டத்தை எழுதும் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் படம் மட்டும் மறைக்க வேண்டிய 'அடையாளம்' ஆகிவிடுகிறது. நம்மிடம் வந்து பேசிய ஒரு தம்பி சொன்னார்: "படத்தைக் கழட்டச் சொல்லி யாரும் சொல்லல அண்ணா. ஆனா கழட்டாம இருக்கிறவனுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." இந்தத் தெரிதலுக்குப் பெயர்தான் சாதி. 

தூரம் போனால் சாதி விடுமா? அமெரிக்காவிலேயே விடவில்லை. 2020 ஜூன் 30 அன்று, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி காரணமாகப் பாகுபடுத்தினார்கள் என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா மாநில அரசின் துறையே வழக்குத் தொடுத்தது. இந்திய மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023-இல் அந்தத் துறை திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வழக்கு வந்த பிறகுதான் அங்கிருந்த தலித் தொழில்நுட்ப ஊழியர்கள் பலர் தங்கள் அனுபவங்களைப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதி எதிர்ப்பு மசோதாவை அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் நிராகரித்தார். ஏற்கெனவே இருக்கும் சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம். பசிபிக் கடலின் அந்தக் கரையிலும் சாதிக்காகவும் சாதிக்கு எதிராகவும் ஆட்கள் திரண்டு நிற்கிறார்கள். ஆகவே பொத்தானை அழுத்தி மங்கலாக்கினால் நம் சுவர்தான் மறையும், அவர்கள் பார்வை மாறாது.

அறை கிடைக்காத கொலம்பியா பட்டதாரி

வேலை ஒரு பக்கம், தங்க இடம் இன்னொரு பக்கம் என்ற சிக்கல் நமக்குப் புதிதல்ல. 1917-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை இருந்தது, பதவி இருந்தது. தங்க ஒரு அறை இல்லை. இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சி பெயர் ஒன்றைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்து, தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இந்து நண்பர் வீட்டிலும் கிறிஸ்தவ நண்பர் வீட்டிலும் இடம் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பரோடாவை விட்டே போனார். இதை அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. மெக்சிகோ போக விசா வேண்டும் என்று நமக்குத் தெரியும். சொந்த நாட்டில் ஒரு அறைக்குள் நுழையவே விசா கேட்கப்படும் மக்கள் நாம் என்று அவர் அன்றே எழுதி வைத்தார்.

நூறு வருடம் கழித்து என்ன மாறியது? சுக்தேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. வாடகை வீடு கேட்டவர்கள் எல்லா வகையிலும் ஒரே மாதிரித் தகுதி உடையவர்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு வீடு கிடைத்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் கிடைத்தன.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. அது பெரியார் இயக்கம் வென்றெடுத்த பெருமை. வீட்டு உரிமையாளர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? வீட்ல கவுச்சி சமைப்பீங்களா?" நான்கு கேள்வியில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாங்காடு, குன்றத்தூர், போரூர் சுற்றுவட்டாரத்தில் வீடு தேடிய எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் இந்த நான்கு கேள்வியையும் வரிசை மாறாமல் சொல்வார்கள். முன்பணம் வாங்கத் தயாராக இருந்தவர் மறுநாள் "வீட்ல கல்யாணம், பையனுக்கு வேணும்" என்பார். அடுத்த வாரம் அதே வீட்டில் வேறொருவர் பால் காய்ச்சுவார்.

இப்போது அந்த ஒரு அறையில் இரவு வேலை பார்க்கும் தம்பியை நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் சம்பளம் வருகிறது. இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கொடுக்கும் வசதி வந்துவிட்டது. வீடுதான் கிடைக்கவில்லை. பணம் இருந்தால் சாதி போய்விடும் என்று நமக்குச் சொல்லப்படும் கதை இந்த வாசற்படியில்தான் பொய்யாகிறது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை அடிப்படையில் குடியிருப்பு வீடுகளைக் கட்டவும் வாங்கவும் அதில் குடியிருக்கவும் ஒருவருக்குத் தடை விதிப்பதைக் குற்றம் என்கிறது. எழுபது வருடச் சட்டம். அதைக் கையில் எடுத்தவர்கள் எத்தனை பேர்? வீட்டுக்காரரோ தரகரோ சாதியைக் காரணம் காட்டிக் கைப்பேசியில் அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். தேதியோடு எடுத்து வையுங்கள். அது சாட்சியம்.

கடற்கரை யாருடையது?

சரி, இவையெல்லாம் தாண்டி ஒருவர் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மேசை நிற்கும் நிலத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மெக்சிகோவில் 1910-இல் வெடித்த புரட்சியின் கோரிக்கை நிலம். 1917 அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, பண்ணையார்களிடமிருந்து நிலத்தை எடுத்துக் கிராமச் சமூகங்களுக்குப் பங்கிட வழி செய்தது. அந்தப் பொது நிலத்துக்கு எஹிதோ என்று பெயர். உழுதுகொள்ளலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. 1992-இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். எஹிதோ நிலத்தைத் தனியார் சொத்தாக மாற்றி விற்க வழி திறந்தது. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது என்ற விதி மெக்சிகோ அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் வங்கியின் பெயரில் ஒரு அறக்கட்டளை ஏற்பாடு செய்து, 50 வருடத்துக்கு அனுபவித்து, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

காணொளியில் நாம் பார்க்கும் புவேர்த்தோ எஸ்கொந்திதோ இருப்பது வஹாக்கா மாநிலத்தில். பழங்குடி மக்கள் அதிகம் வாழும் மாநிலம் அது. அதன் கரையோரத்தில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களும் வாழ்கிறார்கள். அந்தக் கறுப்பின மெக்சிகர்களை நாட்டின் அரசியல் சட்டம் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டதே 2019-இல்தான். 2024 பிப்ரவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து கடற்கரைக்குப் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. ஆறு மணிநேரத்துக்கு மேலான மலைப் பயணம் மூன்று மணிநேரத்துக்குள் அடங்கியது. சாலை வந்தால் நில விலை எப்படி ஏறும் என்று வெளிவட்டச் சாலையைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெக்சிகோ மக்கள் சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபரில் மெக்சிகோ நகர நிர்வாகம் ஏர்பிஎன்பி நிறுவனத்தோடும் யுனெஸ்கோவோடும் கைகோத்து, தொலைவிலிருந்து வேலை பார்க்கும் வெளிநாட்டினரை வரவேற்றது. 2025 ஜூலையில் அதே நகரத்தின் தெருக்களில் இளைஞர்கள் திரண்டார்கள். டாலர் சம்பளக்காரர்கள் வந்ததால் எங்கள் வாடகை ஏறிவிட்டது, எங்கள் தெருவிலேயே எங்களால் குடியிருக்க முடியவில்லை என்பது அவர்களின் குரல்.

இப்போது நம் கடற்கரைக்கு வாருங்கள். மாங்காட்டிலிருந்து மாமல்லபுரம் ஒன்றரை, இரண்டு மணிநேரப் பயணம். அன்று இரண்டும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லை என்பது மட்டும் அல்ல, குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருக்கிறது, எதிர்த்துக் கேட்டால் மனையிலிருந்தே விரட்டலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. முதல் பத்து வருடம் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படி ஒதுக்கப்பட்ட நிலம் சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் கணக்கு.

மெக்சிகோவின் எஹிதோவையும் நம் பஞ்சமி நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே நிலமற்றவருக்குக் கொடுத்தவை. இரண்டுக்கும் விற்கக் கூடாது என்ற பூட்டு இருந்தது. அங்கே சட்டத்தைத் திருத்திப் பூட்டைத் திறந்தார்கள். இங்கே சட்டம் அப்படியே இருக்க, பூட்டை உடைத்தார்கள். கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் நிலம் போனது.

மாமல்லபுரத்துக்கு அருகே காரணை. தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்க அந்த ஊர்த் தலித் மக்கள் போராடினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். அதன் பிறகுதான் பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. இன்று அதே வட்டாரத்தின் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் பண்ணை வீடுகளும் மனைப்பிரிவுகளும் வரிசையாக நிற்கின்றன. 'கடலைப் பார்த்தபடி வேலை செய்யுங்கள்' என்ற விளம்பரங்கள் வருகின்றன. ஒவ்வொரு விடுதியும் பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சர்வே எண் வாரியாக மக்கள் முன் வைக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது என்கிறோம்.

நிலம் மட்டும் அல்ல, பந்தியும்தான். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் ஒரு நரிக்குறவர் பெண்ணைத் துரத்தினார்கள். அவர் கைப்பேசி முன்னால் நின்று கேட்ட கேள்வி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அமைச்சர் சேகர்பாபு வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று வெளிநாட்டினர் வந்து தங்கும் ஊர் அது. அங்கேயே தலைமுறைகளாக வாழும் மக்கள் ஒரு இலைச் சோற்றுக்கும் ஒரு துண்டு மனைக்கும் கேள்வி கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

கழிவறைத் தொட்டி

எங்கிருந்தும் செய்யும் வேலை நடக்க வேண்டுமென்றால், அங்கேயே இருந்து செய்யும் வேலையை யாரோ செய்ய வேண்டும். அறையைப் பெருக்குபவர், துணி துவைப்பவர், மீன் கொண்டு வருபவர், குப்பை அள்ளுபவர். பாதாளச் சாக்கடை இல்லாத கடற்கரை விடுதிகளில் கழிவுநீர் தொட்டியில்தான் சேரும். தொட்டி நிறைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

மனிதர் மலக்குழியில் இறங்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. 1993-க்குப் பிறகு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில் இந்தச் சாவுகளில் முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடு. ஓரிரவு தங்க ஆயிரக்கணக்கில் வாங்கும் விடுதி, தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திர வண்டியைக் கூப்பிடுகிறதா என்று கேட்கத் தங்கப் போகும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கடமையும் உண்டு. ஏனென்றால் அந்தக் குழிக்குள் இறக்கப்படுபவர் நம் பெரியப்பா, சித்தப்பா முறையாகத்தான் இருப்பார்.

என்ன செய்யப் போகிறோம்?

புலம்பல் நம் மரபல்ல. இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் கோரிக்கையோடுதான் அரசின் முன்னால் நின்றார்கள். நாமும் கோரிக்கையோடு நிற்போம்.

முதலாவது, அறை. 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது. படிக்கவும் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை பார்க்கவும் குறைந்த கட்டணத்தில் மேசை, இணைப்பு, குளிர்சாதனம். நல்ல திட்டம். அது மாங்காடு நகராட்சிக்கும் வேண்டும். நகரின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் கட்டிவிட்டுக் கணக்குக் காட்டினால் போதாது. நம் குடியிருப்புகளிலிருந்து இரவு 8 மணிக்கு ஒரு பெண் தனியாக நடந்து போய்ச் சேரும் தூரத்தில் வேண்டும். இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், காவலும் கழிவறையும் இருக்க வேண்டும். அமெரிக்கக் கடிகாரத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மாலை 6 மணிக்குப் பூட்டும் கட்டடம் எதற்கு? இதற்கான மனுவை நாங்கள் எழுதத் தொடங்கிவிட்டோம். குன்றத்தூர், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்த் தோழர்கள் தங்கள் ஊருக்கு ஒன்று எழுதுங்கள்.

இரண்டாவது, செலவு. வீட்டிலிருந்து வேலை வாங்கும் நிறுவனம் மின்சாரத்துக்கும் இணைப்புக்கும் நாற்காலிக்கும் பணம் கொடுக்க வேண்டும். இரவு வேலைக்குத் தனிப்படி வேண்டும். நேர்காணலிலேயே இதைக் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

மூன்றாவது, வேலை. அரசு வேலையில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடு இடம், அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. தனியார் துறையில் எதுவும் இல்லை. நிலத்தையும் வரிச்சலுகையையும் சாலையையும் அரசிடம் வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள், எத்தனை தலித் ஊழியர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையாவது ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் அடுத்த படி அது.

நான்காவது, நிலம். கடற்கரையில் ஒரு வாரம் தங்கப் போகிறீர்களா? போய் வாருங்கள். போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த இடத்தின் கிராமம், சர்வே எண் என்ன என்று விசாரியுங்கள். தமிழ்நாடு அரசின் இணையவழி நில ஆவணச் சேவையில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். டி.சி. நிலம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். புதிய பதிவேட்டில் அந்தக் குறிப்பு காணாமல் போயிருக்கலாம். ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனுப் போட்டு, பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம். கடலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை. ஒரு மாணவர் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால், ஒரு கல்லூரி ஒரு வட்டத்தையே முடித்துவிடலாம். காரணை நிலத்துக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு மடிக்கணினி இல்லை. உங்களிடம் இருக்கிறது.

ஐந்தாவது, சுவர். அம்பேத்கர் படத்தை மறைக்காமல் இருப்பது ஒவ்வொருவரும் தனியாக எடுக்க வேண்டிய வீரம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேலை போனால் வாடகை கட்டப் போவது நாங்கள் இல்லை. ஆனால் ஏப்ரல் 14 அன்று ஒரே அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து பின்னணியை மங்கலாக்காமல் உட்கார்ந்தால், அந்தப் பத்துப் பேரில் தலித் அல்லாத நண்பர்களும் இருந்தால், அதை மேலாளர் குறித்து வைத்துக்கொள்வது அவ்வளவு எளிதல்ல. நண்பர்களிடம் கேளுங்கள். யார் நண்பர், யார் வெறும் சக ஊழியர் என்பதும் அன்று தெரிந்துவிடும்.

கடல் எல்லோருக்கும் பொது என்று மெக்சிகோவில் சட்டம் சொல்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியை அடைக்கும் முதலாளிக்கு 2020 முதல் அங்கே அபராதம் உண்டு. நம் நாட்டில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று நிலைநாட்ட 1927-இல் மகாட் வரை நடக்க வேண்டியிருந்தது. அறையும் வீடும் நிலமும் கடற்கரையும் பொது என்று நிலைநாட்ட இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். மாங்காட்டுப் படைப்பக மனுவில் கையெழுத்துப் போட வரும் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வாருங்கள். மடிக்கணினி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். 'அ' பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று அன்றே உட்கார்ந்து பழகுவோம்.

ஜெய்பீம்!